இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?

உலக இசை வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: கும்மிடிப்பூண்டிக்கு முன், கும்மிடிப்பூண்டிக்குப் பின். நான் அளந்துவிடுகிறேன் என்று நினைப்பவர்கள் சென்ற ஆண்டின் 'அதிகம் கேட்கப்பட்ட தமிழ்ப் பாடல்கள்' பட்டியலை எடுத்துப் பார்க்கலாம். முதலிடத்தில் இருக்கும் பாட்டு சென்னையின் குளிரூட்டிய ஸ்டுடியோ எதிலும் வளர்ந்ததல்ல. வாஷிங் மெஷினுக்கு மூடி செய்கிற எங்கள் தொழிற்சாலையின் செக்யூரிட்டி அறையில் வளர்ந்தது. அதை ஊட்டி வளர்த்ததில் எனக்கும் பங்குண்டு. நான் அங்கே மனிதவள மேலாளர். மனிதரும் வளமும் எங்கே என்று கேட்டால் சங்கடம், மேலாளர் இருக்கிறேன்.

பாட்டின் பெயர் 'ஒரே ரிங்கு'. பாடியவர் எங்கள் முதலாளி பரசுராமன் அவர்களின் ஒரே மகன் அன்புராஜ். வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டுத் திரும்பியவர், குளியலறையில் தன் குரலைத் தானே கண்டுபிடித்தார். 'ஒரே ரிங்கு போதும்டி, ஓடி வருவேன் நானடி' என்று தொடங்கும் அந்தப் பாட்டு தை மாதம் வெளியானது. மாசி வரைக்கும் அதைக் கேட்டவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர் தெரியாமல் விரல் பட்டுக் கேட்டவர்கள்.

முதலாளி உடனே 'உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம்' கூட்டினார். உயர்மட்டம் என்பது அவர். ஆலோசனை என்பது நான். கூட்டம் என்பது அன்புராஜும் ஒரு தட்டு முந்திரி பக்கோடாவும்.

"ரெண்டாயிரம் பேருக்குச் சோறு போடறேன். ஒருத்தன்கூட எம்புள்ள பாட்டக் கேக்கலயா?" என்றார் முதலாளி.

"ஷிப்டுல அவங்க கையில போன் இருக்காதுங்க சார். கேட்லயே வாங்கி வெச்சிடறோம்."

"வாங்கி?"

"செக்யூரிட்டி ரூம் அலமாரில நம்பர் போட்டு வெச்சிருப்போம். போறப்ப டோக்கனைக் கொடுத்துட்டு வாங்கிக்குவாங்க."

"அது வரைக்கும் அந்தப் போனு இன்னா பண்ணுது?"

"சும்மா இருக்கு சார்."

முதலாளியின் முகம் சிவந்தது. அவருடைய வளாகத்தில், அவருடைய கூரையின் கீழ், ஒரு பொருள் எட்டு மணி நேரம் சும்மா இருக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. "வேலைக்கு வந்தவன் வேலை செய்றான். அவன் போனு மட்டும் படுத்துத் தூங்குதா?" என்றார்.

இப்படிப் பிறந்ததுதான் எங்கள் 'கைப்பேசி நலத் திட்டம்'. காலையில் தொழிலாளி போனைக் கொடுப்பார். அலமாரியில் ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு சார்ஜர். கம்பெனி செலவில் வைஃபை. போனில் கம்பெனியே ஏற்றிக் கொடுத்த பாட்டு ஆப். ஷிப்டு முழுக்க 'ஒரே ரிங்கு' திரும்பத் திரும்ப ஓடும். சத்தம் மட்டும் வராது. ரெண்டாயிரம் போனும் ஒரே நேரத்தில் பாடினால் என்ன ஆகும் என்று ஒருநாள் காலையில் சோதித்துப் பார்த்தோம். அன்றைக்கு டீ கொண்டுவந்தவர் அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை. ஆகவே எல்லாப் போனையும் ஊமையாக்கினோம். கேட்பவரை எந்த விதத்திலும் தொந்தரவு செய்யாத ஒரே இசை உலகத்தில் எங்களுடையதுதான்.

தொழிலாளர்களும் மனம் குளிர்ந்தார்கள். சாயங்காலம் போனை வாங்கும்போது பேட்டரி நிரம்பியிருக்குமே! விளம்பரத்துக்கு ஆகட்டும் என்று அன்புராஜ் இன்னொரு அன்பளிப்பும் செய்தார். அத்தனை பேருக்கும் அதே பாட்டைக் காலர் ட்யூனாக வைத்துக் கொடுத்தார்.

ஒரே ஒரு சிக்கல். கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தால் அந்த ஆப்புக்குச் சந்தேகம் வந்துவிடும். பாட்டை நிறுத்திவிட்டு, 'இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?' என்று கேட்கும். 'ஆம்' என்று அழுத்தினால்தான் மறுபடி ஓடும். இந்த 'ஆம்' அழுத்தும் பொறுப்பைச் செக்யூரிட்டி வரதனிடம் கொடுத்தோம். உதவிக்கு ரெண்டு பேர். மூவரும் ஒரு கோடியில் அழுத்தத் தொடங்கி மறுகோடிக்குப் போவதற்குள் முதல் கோடி மறுபடி கேட்கத் தொடங்கிவிடும். வரதனுக்குச் சாப்பிடும்போதும் வலது கட்டைவிரல் துடித்துக்கொண்டே இருந்தது.

இந்த வரதனிடம் முன்பு ஒரு 'முறையற்ற வழக்கம்' இருந்தது. அலமாரியில் ஏதாவது போன் அடித்தால் பெயரைப் பார்ப்பார். அதே பெயர் மூன்று முறை அடித்தால், யாருடைய போனோ அவரைத் தேடி உள்ளே போய், "ஊட்லருந்து அடிக்கிறாங்க, இன்னான்னு கேளு" என்று சொல்லிவிட்டு வருவார். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் கிடையாது. எந்த அனுமதியும் கிடையாது. ஆனால் ரெண்டாயிரம் குடும்பமும் அதை நம்பித்தான் காலையில் ஆளை அனுப்பின. திட்டம் வந்ததும் இந்த ஒழுங்கீனத்தை நான் முடிவுக்குக் கொண்டுவந்தேன். வரதனும் அவர் ஆட்களும் அலமாரியை விட்டு நகரவே கூடாது என்று வாய்மொழியாக ஆணையிட்டேன். இது வரதனுக்கும் எனக்கும் இடையிலான விஷயம் என்பதால் மற்றவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆனி மாதம் மோல்டிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் பென்னி என் அறைக்கு வந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கம் வீடு.

"சார், என் சம்சாரம் சுகிர்தாவுக்கு இது மாசம். எப்ப வேணா வலி எடுக்கும். என் போன மட்டும் பாட்டுல போடாம, சத்தம் வெச்சி வுட்ருங்க சார்."

"பென்னி, ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"போன வாட்டி ஆஸ்பத்திரிக்கு லேட்டாப் போனோம் சார். கொழந்த தங்கல. இந்த வாட்டி ஒரு ரிங்கு வந்தா போதும், ஓடிருவேன்."

எனக்கு மெய் சிலிர்த்தது. பாட்டின் முதல் வரியையே அவர் சொந்த வசனம் போலச் சொல்கிறார்! படைப்பு மக்களிடம் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்று முதலாளிக்கு உடனே தெரிவித்தேன். பென்னியிடம், "கவலைப்படாதீங்க, பாத்துக்கலாம்" என்றேன். 'பாத்துக்கலாம்' என்பது நிர்வாகவியலில் மிகவும் அன்பான சொல். அதற்கு எந்தப் பொருளும் கிடையாது.

"வரதண்ணன் இருக்காரு, அப்புறம் இன்னா" என்று பென்னியும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மோல்டிங்குக்குத் திரும்பினார்.

ஆடியில் அந்தப் பொன்னாள் வந்தது. வாரப் பட்டியல் முடிகிற கடைசி நாள். எங்கள் பாட்டு இரண்டாம் இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. முதலிடத்தில் இருந்த பாட்டுக்குப் பாவம், மனிதர்கள் மட்டும்தான் ரசிகர்கள். சாயங்காலத்துக்குள் அதை முந்திவிடலாம் என்று அன்புராஜ் காலையிலிருந்தே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் செக்யூரிட்டி அறையிலிருந்து வரதன் எனக்கு இன்டர்காமில் பேசினார்.

"சார், மோல்டிங் பென்னி போன்ல 'சுகி'ன்னு பேரு வந்துக்கினே கீது. மூணு வாட்டிலாம் எப்பவோ தாண்டிடுச்சி. ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு வந்துரட்டா?"

"நீங்க போயிட்டா 'ஆம்' யாரு அழுத்துறது?"

"கொஞ்ச நேரம் நீங்க வந்து அழுத்துங்களேன் சார்."

பதவிக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. அதனால் அதை நான் கேட்காததுபோல் விட்டேன்.

"இதே இன்டர்காம்ல மோல்டிங்குக்குச் சொல்லிடறேன் சார்."

"சொன்னா என்ன பண்ணுவான்?"

"உழுந்தடிச்சி ஓடுவான்."

"போனை இங்கயே விட்டுட்டா?"

"அதெப்டி சார்? எடுத்துக்கினுதான் ஓடுவான்."

வாசகர்கள் என் நிலையில் நின்று யோசிக்க வேண்டும். ஒரு மெஷின் நிற்கும். அதைவிட முக்கியமாக, முதலிடத்தைத் தீர்மானிக்கும் வேளையில் ஒரு 'ரசிகர்' குறைவார். நான் வரதனிடம், "பிரசவம்லாம் அவ்வளவு சீக்கிரம் ஆயிடாது. ஷிப்டு முடியட்டும்" என்றேன். பிரசவம் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் எம்.பி.ஏ. இருக்கிறது.

"பேஜாரு சார் இது. அந்தப் பொண்ணு பேரு பட்டன மறைச்சிக்கினு வருது. தள்ளி வுட்டுத் தள்ளி வுட்டு அழுத்த வேண்டியதா கீது."

"தள்ளி விட்டுட்டே அழுத்துங்க."

அன்றைக்குப் பார்த்துப் பென்னியை விடுவிக்க வரவேண்டியவருக்கு எளாவூரில் பஸ் கிடைக்கவில்லை. பென்னியே அடுத்த ஷிப்டும் நின்றார். போனும் அடுத்த ஷிப்டும் பாடியது. நடுவில் சூப்பர்வைசர் அவரிடம், "ஊட்ல எதுனா சேதியா பென்னி?" என்று கேட்டிருக்கிறார். பென்னி சிரித்துக்கொண்டே, "வரதண்ணன் வர்லயே. அப்ப ஒண்ணும் இருக்காது" என்று சொல்லியிருக்கிறார்.

சுகிர்தாவுக்குப் பிரசவம் ஊத்துக்கோட்டை மார்க்கெட்டுக்குச் சற்று முன்னால், ஷேர் ஆட்டோவில், கத்திரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் ஆனது. கூட வந்தவர் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு என்ற அம்மா ஒருவர்தான். ஆட்டோக்காரர் துண்டைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபின் தாய்க்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இருவரும் பிழைத்தார்கள். 'ஒரே ரிங்கு' அன்று முதலிடத்துக்கு வந்தது. அன்று ராத்திரியே கம்பெனியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தோம். முதல் ஆளாகக் கை நீட்டியவர் பென்னி. அவருக்கு அப்போதும் விஷயம் தெரியாது. ஷிப்டு முடிந்து போனை வாங்கிப் பார்த்துவிட்டு ஓடியவர் சொல்லாமல் லீவு போட்ட இரண்டு நாளுக்காக அவருக்கு மெமோ கொடுத்தேன். மனிதாபிமானத்தோடு அதன் கீழேயே வாழ்த்தும் எழுதியிருந்தேன்.

மார்கழியில் ஆண்டுப் பட்டியல் வந்தது. நாங்களே முதல். தொழிற்சாலை மைதானத்தில் குடும்பத்தோடு வரச்சொல்லி விழா எடுத்தோம். அன்புராஜ் மேடையில் 'ஒரே ரிங்கு போதும்டி' என்று முதல் வரியைப் பாடி முடித்தார். பெரிய பாடகர்கள் செய்வது போல, அடுத்த வரிக்கு மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினார்.

கூட்டம் மைக்கைப் பார்த்தது. அன்புராஜ் கூட்டத்தைப் பார்த்தார். ஆண்டு முழுக்க அந்தப் பாட்டை வேறு யாரையும் விட அதிகமாகக் 'கேட்ட' ரெண்டாயிரம் பேரில் ஒருவருக்கும் இரண்டாவது வரி தெரியவில்லை. பிரியாணிப் பொட்டலம் பிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நிலைமையைக் காப்பாற்ற நான் மைக்கை வாங்கி, 'ஆண்டின் தலைசிறந்த ரசிகர்' விருதை அறிவித்தேன். அந்த ஆப் ஆண்டு முடிவில் ஒவ்வொருவரும் எதை எவ்வளவு கேட்டார் என்று வண்ணப் படமாக அனுப்புமல்லவா? அதில் முதல் ஆள் பென்னி. அவரும் மனைவியும் கைக்குழந்தையோடு மேடைக்கு வந்தார்கள். பென்னியின் போனை வாங்கி அன்புராஜ் உற்சாகமாகப் படித்தார்.

"இந்தப் பாட்டை நீங்க ரொம்ப அதிகமாக் கேட்ட நாள், ஆடி மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை! விடாம ரெண்டு ஷிப்டு! 'அன்று உங்களுக்கு என்ன கொண்டாட்டம்?'னு கேக்குது பாருங்க. சொல்லுங்க பென்னி, அன்னைக்கு என்ன விசேஷம்?"

"எம் பொண்ணு பொறந்த நாளு சார்" என்றார் பென்னி. கூட்டம் கை தட்டியது. வரதன் மட்டும் மேடைக்குப் பக்கத்தில் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, உங்களுக்காவது இந்தப் பாட்டுத் தெரியுமா?" என்று அன்புராஜ் மைக்கைச் சுகிர்தாவிடம் நீட்டினார்.

"தெரியும் சார். அன்னைக்கு முச்சூடும் நான்தான் கேட்டுக்கினு வந்தேன், ஆட்டோல."

"பாடுங்க பாடுங்க!"

சுகிர்தா ராகம் எதுவும் போடாமல், குழந்தையைத் தட்டிக்கொண்டே, ஒப்பிப்பதுபோல் பாடினார்.

"ஒரே ரிங்கு போதும்டி, ஓடி வருவேன் நானடி... ஊரே தூங்கிப் போனாலும் உனக்குத்தானே..."

நிறுத்திவிட்டார்.

"அவ்ளோதான் தெரியும் சார். இதுக்கு மேல வர வுடாம அந்தப் பொம்பள வந்து 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் பதில் அளிக்கவில்லை'ன்னு சொல்லிடுவா. திருப்பி அடிப்பேன். திருப்பியும் அதே எடத்துல வந்து நிறுத்திடுவா. அந்த வலிலயும் எனக்கு அதான் சார் ரோசனை. உனக்குத்தானேன்னு சொல்றாங்களே, இன்னாதான் குடுக்கப் போறாங்கன்னு. நீங்களே சொல்லுங்க. 'உனக்குத்தானே' அப்புறம் இன்னா?"

அன்புராஜ் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"'என் காதடி', அக்கா" என்றார் அன்புராஜ், மைக்கில்லாமல்.

சுகிர்தா விருதுக் கேடயத்தை மேஜை மேலேயே வைத்துவிட்டுக் குழந்தையோடு இறங்கிப் போனார்.

கடமை தவறாத அதிகாரி என்ற முறையில் மறுநாளே அந்த ஆப்காரர்களிடம் விசாரித்தேன். காலர் ட்யூனில் கேட்டது பட்டியலில் சேராதாம். ஆக, ஆண்டு முழுக்கக் கோடிக்கணக்கில் 'கேட்கப்பட்ட' எங்கள் பாட்டை உண்மையிலேயே கேட்ட ஒரே மனுஷி அந்தக் கணக்கில் இல்லை. அவர் கூப்பிட்டதைக் கேட்காத நாங்கள்தான் முதலிடத்தில் இருக்கிறோம்.