மணிக்கட்டு விரதம்

இனி ஆயுள் உள்ளவரை தண்ணீர்க் குடத்தைத் தொடுவதில்லை என்று நான் தீர்மானித்தது, கோவில்பட்டியில் கத்திரி வெயில் தொடங்கிய அன்று. தீர்மானம் எடுப்பது எளிது. அதைப் பாலம்மாளிடம் சொல்வதுதான் கடினம்.

பாலம்மாள் என் மனைவி. அவளைப் பற்றி நீங்கள் தவறாக எண்ணிவிடக் கூடாது. அவள் குரலை உயர்த்தியதில்லை. எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. எதிர்த்துப் பேசுகிற மனைவியோடு சண்டையிடலாம். என்றாவது ஒரு நாள் வெல்லவும் செய்யலாம். "சரிங்க" என்று சொல்கிற மனைவியை வென்ற ஆண்பிள்ளை இந்தக் கரிசல் சீமையில் இன்னும் பிறக்கவில்லை.

எங்கள் தெருக்குழாய் பங்குனியிலேயே உயிரை விட்டிருந்தது. ரயில்வே கேட்டுக்கு அப்பால் உள்ள குழாய் மட்டும் விடியற்காலையில் சற்று நேரம் அழும். சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு நான் போக வேண்டும். வரிசையில் நின்று நிரப்பி, தள்ளிக்கொண்டே திரும்ப வேண்டும். பிறகு குளித்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கணக்கு எழுத வேண்டும். குளிக்கத் தண்ணீர் மிஞ்சினால்.

இப்படிக் குடம் கட்டுகிற என் கைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு பிறவி உண்டு. எங்கள் ஊர் டாக்கீஸில் ஞாயிறு காலைக் காட்சியாகச் சீனச் சண்டைப் படங்கள் போடத் தொடங்கியிருந்த காலம் அது. ஒன்றையும் நான் விட்டதில்லை. கொட்டகையை விட்டு வெளியே வரும்போது என் கைகள் தாமாகவே காற்றை வெட்டும். ஒருமுறை முறுக்கு விற்பவரின் தட்டையும் வெட்டியிருக்கின்றன.

அந்தப் படங்களில் பேசுவது சீன மொழி. அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகள், நான் முதல் சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் மறைந்துவிடும். அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாலையில் சோலைராஜின் பலசரக்குக் கடை முன்னால் தெரு ஆண்கள் கூடுவார்கள். நான் கதை சொல்வேன். திரையில் வெண்தாடிக் குருநாதர் ஒருமுறை உறுமினால், தமிழில் நான் ஒரு பத்தி உபதேசம் செய்வேன். கேட்டவர்கள் மறுத்ததில்லை. குருநாதரும் மறுத்ததில்லை.

ஆகவே, என் தீர்மானத்தை என் வாயால் அல்ல, குருநாதர் வாயால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"ஏட்டி பாலம்மா, இன்னிக்குப் படத்துல குருநாதர் ஒரு பெரிய ரகசியம் சொன்னாரு."

"என்ன சொன்னாவ?"

"குங்ஃபூ பழகுதவன் மணிக்கட்டுல பாரம் ஏத்தக் கூடாதாம். ஏத்துனா மூச்சுக்காத்து தடம் மாறி முழங்கையில போயி நின்னுக்கிடுமாம்."

"நின்னா என்ன ஆவும்?"

"கை வெளங்காது."

இப்போது மட்டும் என்ன விளங்குகிறது என்று அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிறவள் அல்லள். அந்தக் கேள்வி அவள் முகத்தில் எழுதி அழிக்கப்பட்டதை மட்டும் நான் பார்த்தேன்.

"அப்போ அவிய ஊர்ல தண்ணிக்கு யாரு போவா?"

"சீனாவுல பெரிய பெரிய ஆறெல்லாம் ஓடுதுட்டி."

"குடத்துக்குள்ளயா ஓடுது?"

"இங்க பாரு. இது குருநாதர் வாக்கு. நான் என்ன செய்ய முடியும்?"

"சரிங்க. பெரியவிய சொன்னா அதுல காரணம் இருக்கும்."

மறுநாள் அவளே குடம் எடுத்துப் போனாள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. நான் திருமணமான பிறகு முதன்முறையாகச் சேவலுக்குப் பின் கண் விழித்தேன். எழுந்ததும் முற்றத்தில் நின்று பயிற்சி செய்தேன். "ஊ" என்று மூச்சை இழுத்து, "ஆ" என்று கையை வீசி, முருங்கைக் கொம்பு ஒன்றை ஒரே வெட்டில் முறித்தேன். முருங்கைக் கொம்பைக் காக்கை உட்கார்ந்தாலே முறித்துவிடும் என்பதை இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சோலைராஜின் மனைவி மாரித்தாய் எட்டிப் பார்த்தாள்.

"மதினி, அண்ணாச்சிக்கு என்ன, வயித்து வலியா? விடிஞ்சதுலேர்ந்து ஊங்காவ, ஆங்காவ?"

"வலியெல்லாம் இல்ல மாரித்தாயி. பயிற்சி எடுக்காவ."

"எங்க வீட்டு மனுசனும் குடத்தத் தொட மாட்டேங்காவ. கேட்டா மணிக்கட்டு விரதமாம். யாரு சொல்லிக் குடுத்தாவன்னே தெரியல."

பாலம்மாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அவ்வளவு அஞ்சியிருக்க மாட்டேன்.

ஒரு வாரத்துக்குள் எங்கள் தெருவின் மணிக்கட்டுகள் அனைத்தும் ஓய்வெடுத்துக்கொண்டன. சோலைராஜ் தராசு தூக்குவதைக்கூட யோசித்துச் செய்தார். அவர் கடை முன்னால் எனக்கென்று ஒரு நாற்காலி போடப்பட்டது. ரயில்வே கேட்டுக்குப் போகிற வழியெல்லாம் பெண்களின் வரிசை. குடங்களோடு அவர்கள் என்ன பேசிக்கொண்டு போனார்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை. வெற்றி பெற்றவன் விசாரிப்பதில்லை.

கூட்டம் குறையாததால் அதே படத்தை அடுத்த ஞாயிறும் போட்டார்கள். அன்று காலை பாலம்மாள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏங்க, நானும் மாரித்தாயியும் இன்னும் நாலு பேரும் அந்தக் குருநாதர ஒரு தடவ பாத்துட்டு வந்துருதோம்."

"அது பொம்பளைங்க பாக்கிற படம் இல்லட்டி. ஒரே ரத்தம்."

"நம்ம வீட்டுல கோழி அறுக்கிறது யாரு?"

கோழி அறுக்கும் நேரத்தில் எனக்குத் தெருவில் ஏதாவது அவசர வேலை வந்துவிடுவது வழக்கம்.

"பேசுறது ஒரு எழுத்து வெளங்காது உங்களுக்கு," என்று பேச்சை மாற்றினேன்.

"அதான் நீங்க கதைய முழுசாச் சொல்லிட்டீங்கள்லா? அத வச்சிப் பாத்துக்கிடுதோம்."

அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகே எனக்கு நினைவு வந்தது. மொழி தெரியாதவர்களுக்கும் கண் உண்டு. அந்தப் படத்தில் பாதி நேரம் சீடன் தண்ணீர்தான் சுமக்கிறான். அடிவாரத்து ஓடையிலிருந்து மலைமேல் இருக்கும் மடத்துக்கு. தோளுக்கு நேராக இரு கைகளையும் நீட்டி, கைக்கு ஒரு வாளி. அந்தக் காட்சியைக் கதையிலிருந்து நான் அடியோடு நீக்கியிருந்தேன். தணிக்கைக்காரர்கள்கூட அவ்வளவு சுத்தமாக வெட்ட மாட்டார்கள்.

மதியம் திரும்பி வந்தவள் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். "நல்ல படம்" என்றாள். அவ்வளவுதான். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு மாலையில் கடைக்குப் போய் என் நாற்காலியில் அமர்ந்தேன். சற்று நேரத்தில் பாலம்மாளும் வந்தாள். மாரித்தாயும் உடன் வந்தாள். வாங்க வந்தது கருப்பட்டி. கொடுக்க வந்தது வேறு.

"அண்ணாச்சி, ஒரு அச்சு கருப்பட்டி குடுங்க" என்று சோலைராஜிடம் கேட்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தலைகுனிந்தபடி சொன்னாள்: "இவியளுக்கு அடக்கம் ஜாஸ்தி. அதான் அந்த முக்கியமான காட்சிய உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டாவ."

"எந்தக் காட்சி மதினி?" சோலைராஜின் கையில் கருப்பட்டி அப்படியே நின்றது.

"குருநாதர் அந்தப் பையனத் தண்ணி சுமக்க வைக்கிற காட்சி. கைய மடக்காம சுமக்கணும். சிந்துனா திரும்பவும் ஓடைக்குப் போவணும்."

நான் விரைந்து குறுக்கிட்டேன். "அது தண்டனை! தப்புப் பண்ணுன சீடனுக்குக் குருநாதர் குடுத்த தண்டனை. சீன மொழியில அத வெளக்கமாச் சொல்லுதாரு. உனக்குப் புரியாது."

"அப்படியாங்க?" என்றாள் பாலம்மாள், உண்மையிலேயே தெளிவு பெற விரும்புகிறவளைப் போல. "அப்போ கடைசிச் சண்டையில அத்தன பேரையும் அடிச்சுப் போட்டது யாரு?"

"தண்ணி சுமந்தவந்தான்!" என்றாள் மாரித்தாய். "சுமக்காம மரத்தடியில படுத்துக் கெடந்தானே ஒருத்தன், அவன் மொத அடியிலேயே சுருண்டு விழுந்துட்டான். நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

பொய்யன் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் மானத்தோடு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் சோலைராஜ் கண் கலங்கிக் கேட்டார்:

"அண்ணாச்சி, உங்களை நம்பித்தான நாங்க விரதம் இருந்தோம்? வித்தையோட ரகசியத்த நீங்க மட்டும் வச்சிக்கிடலாம்னு பாத்தீங்களே!"

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி," என்று பாலம்மாள் எனக்காகப் பரிந்து பேசினாள். "நாளைக்கு விடிய இவியளே முன்னால நின்னு செஞ்சு காட்டுவாவ. பொறத்தால நீங்க எல்லாரும் போங்க. என்னங்க?"

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. குருநாதர் சொன்னதெல்லாம் நான் இட்டுக்கட்டியது என்று ஒப்புக்கொள்ளலாம். அல்லது வாளியைத் தூக்கலாம். நாற்காலியை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

விடிந்ததும் பழைய வழக்கம்போல் சைக்கிளை எடுத்தேன். பாலம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"குருநாதர் மடத்துல சைக்கிள் இருந்துச்சாங்க?"

சிறகு விரித்த கழுகுகளைப் போல் இரு கைகளையும் நீட்டி, கைக்கு ஒரு வாளியோடு, எங்கள் தெரு ஆண்கள் ரயில்வே கேட்டிலிருந்து வரிசையாக நடந்து வந்தோம். முன்னால் நான். கேட்டைக் கடந்துகொண்டிருந்த மதுரை வண்டியின் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள் முளைத்தன. தெருவின் இரு பக்கமும் பெண்கள் நின்று சிந்துகிறதா என்று பார்த்தார்கள். எனக்குச் சிந்தியது. திரும்பப் போனேன். மறுபடியும் சிந்தியது. அன்று தீப்பெட்டி ஆபீசில் பேனாவைப் பிடிக்க எனக்கு இடது கையின் உதவியும் தேவைப்பட்டது.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் தொட்டி நிறைந்து வழிந்தது. பாலம்மாள் நின்று நிதானமாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சனிக்கிழமை சுவரொட்டி பார்த்தேன். புதிய சீனப் படம். என் கைகளில் உயிர் திரும்பியது. இந்தப் படத்தில் குருநாதர் சீடனைக் குறைந்தது ஆறு மாதம் ஓய்வெடுக்கச் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே வசனம் எழுதிக்கொண்டேன்.

ஆனால் ஞாயிறு காலையில் எனக்கு முன்பே பாலம்மாள் பூ வைத்து முடித்திருந்தாள்.

"கை வீங்கிக் கெடக்கு. நீங்க எதுக்கு அந்தக் கூட்டத்துல இடிபடணும்? நாங்க பாத்துட்டு வந்து கதையச் சொல்லுதோம்."

மதியம் வரை வாசலிலேயே நின்றேன். திரும்பி வந்தவள் என் மணிக்கட்டை இரு கைகளாலும் மரியாதையோடு தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இந்தப் படத்துல சீடன் மாவாட்டுதாங்க."