சுவர் இருந்தால்தான் இடிக்க அனுமதி

சிட்டு,

அன்புத் தங்கைக்கு உன் அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். நீ நலமா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்று நாலாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் எனக்குப் படிப்பில்லை, அதனால் செத்துப்போனவளுக்கு எழுதும்போது அந்த வரியை என்ன செய்வது என்று தெரியவில்லை. கேட்டதாக வைத்துக்கொள். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் தையல் மெஷினுக்கு எண்ணெய் மட்டும் போட்டேன், மிதிக்கவில்லை, ஊசியை உடைத்துவிட்டேன் என்று என்மேல் பழி போடாதே.

சேதி என்னவென்றால், நீ இடிக்கச் சொன்ன சுவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. கடைசி மாதங்களில் நீ மாத்திரை மயக்கத்திலேயே இருந்தாய், எது நினைவிருக்கிறதோ எது இல்லையோ, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், குறுக்கே பேசாதே. உனக்குத் தையல் அறையில் கட்டில் போட்டோம் இல்லையா, அதற்கு அடுத்தது சமையலறை, நடுவில் ஒரு சுவர். நீ அந்தப் பக்கத்திலிருந்து என்ன பண்றே என்று கத்துவாய், நான் இந்தப் பக்கத்திலிருந்து வெங்காயம் நறுக்குகிறேன் என்று கத்துவேன், ஒரு வெங்காயம் முடிவதற்குள் நாலு தடவை கேட்டுவிடுவாய், நோய் உனக்கு, தொண்டை கட்டியது எனக்கு. ஒருநாள் பொறுக்க முடியாமல் கொத்தனாரை வரவழைத்து, படுத்தபடியே விரலால் காற்றில் ஒரு கட்டம் போட்டுக் காட்டி, "இவ்வளவு எடுத்துடுங்கண்ணே, எனக்கு இவ மூஞ்சி தெரியணும்" என்றாய். நம் வீடு, நம் சுவர், யாரைக் கேட்க வேண்டும் என்றாய். நானும் தலையை ஆட்டினேன். அவர் மேலே ஒரு இரும்புச் சட்டம் கொடுத்து, நாலடி அகலத்துக்குச் சுவரை எடுத்து, செங்கல்லை எல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஒழுங்காக அடுக்கிவிட்டுப் போனார். அதற்கப்புறம் மூன்று மாதம் நீ கட்டிலில் படுத்துக்கொண்டு என் சமையலை மேய்த்தாய். அடுப்பைக் குறை என்பாய். நான் மூடியைத் தேடினால், உன் இடது கையில் இருக்கிறது பார் என்பாய். மத்தியானத்தில் உன் ஜன்னல் வெயில் அந்த வழியாக நுழைந்து என் பாத்திர அலமாரி வரைக்கும் வரும், கிண்ணம் ஒவ்வொன்றும் உள்ளே விளக்கேற்றின மாதிரி இருக்கும், நாம் இரண்டு பேரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

நீ போன பிறகு வீட்டை என் ஒருத்தி பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்காகக் கட்டட அனுமதி அலுவலகத்திலிருந்து அளவெடுக்கிறவர் ஒருவர் வந்தார். அப்பா காலத்து வரைபடத்தைக் கையில் விரித்துக்கொண்டு அந்த வழியாக மூன்று தடவை போனார், மூன்று தடவை வந்தார். பிறகு என்னிடம், "இங்க ஒரு சுவர் இருக்கணுமேம்மா" என்றார். இருந்தது என்றேன். இப்போது எங்கே என்றார். பின்னால் அடுக்கி வைத்திருக்கிறோம் என்றேன். அவர் போய்ப் பார்த்து, செங்கல்லை எண்ணாத குறையாக எழுதிக்கொண்டு போனார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. அறுபது நாளுக்குள் முறையாக அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் சுவரைப் பழையபடி மூடிவிட வேண்டும், மறுபடியும் அதில் கை வைக்கக் கூடாது. நீ விரலால் போட்ட கட்டம் அது. அதை மூட விட்டுவிடுவேனா?

அலுவலகத்தில் மூன்றாவது ஜன்னல் என்றார்கள். அங்கே இருந்த எழுத்தரிடம் சுவர் எடுக்க அனுமதி வேண்டும் என்றேன். எந்தச் சுவரை என்றார். எடுத்த சுவரை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார், செய்யப்போகிற வேலைக்குத்தான் படிவம் உண்டு, செய்து முடித்த வேலைக்கு அவரிடம் படிவமே கிடையாதாம். "சுவர் இருந்தாத்தாம்மா இடிக்க அனுமதி குடுக்க முடியும். இல்லாத சுவரை நான் எப்படி இடிக்கச் சொல்லுவேன்?" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நீயாக இருந்தால் ஜன்னலுக்குள் கையை விட்டு அவர் காலரைப் பிடித்துப் பார்த்து, இதை எந்த மகாராசன் தைத்தான் என்று ஆரம்பித்திருப்பாய். படிவம் எடுத்து வருகிறேன், உட்காருங்கள் என்று அவர் உள்ளே போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலே மின்விசிறி சுற்றச் சுற்ற, மேசைகளில் இருந்த தாள்கள் எல்லாம் ஒரு பக்கம் எழுந்து எழுந்து படுத்தன, மூச்சு விடுகிற மாதிரி. அதைப் பார்த்தபடியே கண் சொருகிவிட்டது. நீ கழுத்தில் நாடாவைப் போட்டுக்கொண்டு வந்து அந்த ஜன்னலை அளக்கிறாய், அகலம் போதாது, தையலைப் பிரித்துவிடணும் என்கிறாய், எழுத்தரும் சரிங்க சரிங்க என்று குறித்துக்கொள்கிறார். யாரோ என் தோளைத் தொட்டார்கள். படிவம் மடியில் இருந்தது. மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று ஒரு கட்டம். என் தங்கைக்கு என் முகம் தெரிய வேண்டும் என்று சொன்னேன். எழுத்தர் பேனாவை எடுத்துக் காற்றோட்டம் என்று எழுதினார்.

ஆக, இடிப்பதற்காகக் கட்ட வேண்டியதாயிற்று. கொத்தனாரிடம் சொன்னால் அவர் சிரிக்கக்கூட இல்லை. பின்னால் இருந்த அதே செங்கல்லைக் கொண்டுவந்து, நூல் பிடித்து, குண்டு தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துப் பார்த்து அடுக்கினார். நாலு நாளில் இடிக்கப்போகிற சுவருக்கு எதற்கண்ணே இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டேன். கோணலாகக் கட்டுவதற்குத் தன் கைக்குப் பழக்கமில்லை என்றார். இரண்டு பக்கமும் பூசிவிட்டு, புதுப் பூச்சு வெடிக்காமல் இருக்க ஒரு வாரம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன், சிட்டு. காலையும் சாயங்காலமும் குவளையில் மொண்டு, ஒரு செடிக்கு ஊற்றுகிற மாதிரி ஒரு சுவருக்கு ஊற்றினேன். தண்ணீர் இறங்குகிற வழியெல்லாம் கறுத்து, ஆறு மாதிரி, மரம் மாதிரி ஏதேதோ தெரியும், பார்த்துக்கொண்டே நிற்பேன், கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து ஒன்றுமில்லாமல் போகும்.

பார்வையிட ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். வீட்டுக்குள்ளேயே தலைக்கவசம் போட்டிருந்தாள், நம் சமையலறை விளக்கில் இடித்துக்கொண்டதால் அதுவும் நல்லதாய்ப் போயிற்று. சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். இது மேல்தளத்தைத் தாங்குகிற சுவர், இது இல்லாவிட்டால் மேலே நிற்காது என்றாள். ஒன்பது மாதம் அது இல்லாமல்தான் மேலே நின்றது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் மேலே தட்டிவிட்டு அவளே, "உள்ளே இரும்புச் சட்டம் இருக்கும்போல. யாரோ யோசிச்சுக் கட்டியிருக்காங்க" என்றாள். பக்கத்தில் நின்ற கொத்தனார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். நாலடி கூடாது, மூன்றடி என்றால் பாதகமில்லை என்றாள். ஓரடி போனால் போகட்டும், கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் தெரியும் என்று நானே உன் சார்பில் ஒத்துக்கொண்டேன். போகிற போக்கில் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு பேர் என்றேன். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன்.

அந்த இரண்டு பேரால் எல்லாம் மாட்டிக்கொண்டது. இரண்டாவது ஆளும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் எழுத்தர். அவள் வரமாட்டாள் என்றேன். ஏதாவது மனஸ்தாபமா என்றார். இல்லை என்றேன். வெளியூரா என்றார். பைக்குள்ளேயே இருந்த உன் இறப்புச் சான்றிதழை எடுத்து ஜன்னலுக்கு அடியில் தள்ளினேன். அவர் படித்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். அப்புறம் படிவத்தை என் பக்கம் திருப்பி, இரண்டை அடித்து ஒன்று என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். பேனா அந்த எண்மேல் நிற்கிறது, நகரமாட்டேன் என்கிறது. எனக்குப் பின்னால் வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். எழுத்தர் அவரைப் பார்க்காமலே என்னிடம், "மெதுவாப் போடுங்கம்மா. வரிசை நின்னா நிக்கட்டும்" என்றார். போட்டேன். நாலாம் வகுப்பில் எனக்குக் கழித்தல் வரவே வராது. அன்றைக்கு வந்தது.

நேற்றுத் தபாலில் அனுமதி வந்தது. வட்ட முத்திரை, நீலக் கையெழுத்து, எல்லாம் சுத்தம். ஒரு வருடத்துக்குள் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறார்கள், ஒரு வருடம் யாருக்கு வேண்டும், நாளைக் காலையே கொத்தனாரை வரச் சொல்லிவிட்டேன். நாளை மத்தியானம் உன் ஜன்னல் வெயில் என் கிண்ணத்தில் இருக்கும். இனிமேல் எவர் வந்து அளந்தாலும் அளக்கட்டும், நீ சொன்ன வழி சட்டப்படி இருக்கும். நான் ஜெயித்துவிட்டேன், சிட்டு.

நீ என்னைவிட ஆறு வயது சின்னவள், அதனால் ஆசீர்வாதம் என் பொறுப்பு. எங்கே படுத்திருந்தாலும் முதுகு வலிக்காமல் இரு. வலி இல்லாமல் தூங்கு. நடுவில் விழித்துக்கொண்டால் பயப்படாதே. கொத்தனாரும் மூன்றாவது ஜன்னல்காரரும் உன்னை விசாரித்ததாகவே நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கொத்தனார் இன்று காலை சம்மட்டியோடு வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். ஏன், நாள் சரியில்லையா என்று கேட்டார். நாளெல்லாம் சரிதான் என்றேன். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், கை வலிக்கிறது, அப்படியே இருக்கட்டும். சொல்லவே கூடாது என்றிருந்தேன். நீ போன நாளிலிருந்து அடுப்படியில் நின்று திரும்பும்போதெல்லாம் அந்த வழியாக உன் கட்டில்தான் தெரிந்தது, விரித்தபடி, காலியாக. சுவர் எழும்புகிற வரைக்கும், ஆறு மாதத்துக்கு மேல், அதைப் பார்த்துக்கொண்டேதான் சமைத்தேன். இந்தச் சுவர் வந்து மூன்று வாரம் ஆகிறது. கட்டில் தெரியவில்லை. நேற்றுத்தான் கவனித்தேன், நான் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைக்கிறேன், குழாயைச் சின்னதாகத் திறக்கிறேன். அந்தப் பக்கம் நீ தூங்குகிறாய் என்று என் கை நினைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு யார் போய்ச் சொல்வது? ஆனால் இடிக்காமல் விட்டால் நீ கேட்டதை நான் மூடினவள் ஆகிவிடுவேன். கொத்தனார் நாளைக்கு மறுபடியும் வருகிறார். இடியுங்கள் என்று சொல்லட்டுமா சிட்டு, இருக்கட்டும் என்று சொல்லட்டுமா?