'எத்தனை பேர்ல' அங்கிளும் அக்காவின் மாத்திரையும்

எண்பதுகளில் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒருவரையும் நிம்மதியாகப் பேப்பர் படிக்க விடாத மனிதர் யார் என்றால், சின்னப் பிள்ளைகூட 'எத்தனை பேர்ல' அங்கிளைத்தான் கைகாட்டும். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

சாப்பாட்டுக் கடையில் யாராவது பேப்பரை விரித்து, காப்பி குடித்தால் நெஞ்சுவலி ஜாஸ்தியாம் என்று வாயெடுத்தால் போதும், "எத்தனை பேர்ல?" என்று பின்னாலிருந்து குரல் வரும். உட்காரவே மாட்டார். நின்றபடி காலை ஆட்டிக்கொண்டு, யாரைக் கேட்டார்கள், குடிக்காதவர்களையும் எண்ணினார்களா என்று குடைந்தெடுப்பார். அந்தக் குடைச்சல் தாங்காமல் கடைக்காரர் பேப்பர் வாங்குவதையே நிறுத்தினார். மறுநாளே அங்கிள் வீட்டிலிருந்து பேப்பரோடு வந்துவிட்டார்.

ஒரு சமயம் என் அக்கா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அதைச் சாப்பிட்டால் ஈரல் கெடும் ஆபத்து இரண்டு மடங்கு என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்திருந்தது. தலை சுற்றிச் சுவரைப் பிடித்து நடந்தாளே தவிர, நான் கெஞ்சியும் கேட்கவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் அங்கிளைக் கூட்டிவந்தேன்.

வந்தவர் மாத்திரைப் பேச்சையே எடுக்கவில்லை. இந்த வாரம் நம்பர் எடுத்தாயா என்று விசாரித்தார். நாலு நம்பர் லாட்டரி எடுக்காத வாரம் அக்காவுக்குக் கிடையாது.

"ஒண்ணு எடுத்தேன் அங்கிள்."

"ரெண்டா எடும்மா. சான்ஸ் ரெண்டு மடங்கு லா."

"ரெண்டு எடுத்தா மட்டும் அடிச்சிருமா?"

"நம்பர்னா தெரியுது, ஈரல்னா தெரியலயா? முதல்ல எத்தனை பேருக்கு வந்துச்சுன்னு பேப்பர்ல போட்டானா? கிளம்பு, டாக்டர்கிட்டயே கேட்ருவோம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு டாக்சியில் ஏற்றினோம். அந்தக் கோளாறு வருவதே அபூர்வம், மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து என்றார் டாக்டர். அக்கா அங்கேயே ஒன்றை விழுங்கினாள். அதுவரை அங்கிள் கிளினிக் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

அக்காவை வீட்டில் விட்டபின், உங்களுக்கு ஏன் அங்கிள் இவ்வளவு பதற்றம் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரியும் இப்படித்தான், ஏதோ பேப்பரைப் பாத்துட்டு மருந்தை நிறுத்தட்டுமான்னு கேட்டா. நிறுத்துன்னு நான்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். நானும் பின்னாலேயே ஓடி, அவர் ஒண்டியாக இருந்த வீட்டு வாசல்வரை கூடப் போனேன். அன்றைக்கு அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.