உயிரோடு இருக்கிற அண்ணனுக்கு ஒரு நினைவு வளாகம்

கோல்டர்ஷா,
மார்ச், செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அண்ணன் கிளிஃபர்டுக்கு, தங்கை நார்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கென்னும், கென்னுடைய முழங்காலும் ஆண்டவர் கிருபையில் ஒருவிதமாக இருக்கிறோம். நியூசிலாந்தில் நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இந்த வரியை மற்றக் கடிதங்களில் எழுதுகிற மாதிரி சும்மா எழுதவில்லை, அண்ணே. நீ சுகமாக இருப்பது இந்த ஊரில் இப்போது ஒரு பிரச்சினையாகிவிட்டது.

மே மாதம் வருகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமை, போனை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு வருகிறாய். அண்ணியின் சீக்கு உன்னை இத்தனை காலம் நகரவிடவில்லை. இப்போது அண்ணியும் இல்லை, டாக்டரும் இவ்வளவு தூரப் பயணம் இந்த ஒரு தடவைதான் என்று சொல்லிவிட்டார். மாடி அறைக்குப் புதுப் போர்வை வாங்கி, கணக்கு நோட்டில் "அண்ணன் வரவு" என்று எழுதினேன். "செலவுப் பக்கத்துல போய் வரவுன்னு எழுதியிருக்கியே நார்மா" என்று கென் கேலி செய்தார். அதற்கப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்து, இரண்டு தடவையும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்தேன். அதனால்தான் கடிதம். நீ மே மாதம் வர வேண்டாம், அண்ணே. ஏன் என்று சொல்கிறேன். உட்கார்ந்து படி.

நீ மாடியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தாயே, அந்தப் பழைய மார்க்கெட் கட்டடத்தை இடித்துக் கட்டி "டிஜிட்டல் புத்தாக்க வளாகம்" ஆக்கப்போகிறோம் என்று கவுன்சில்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நூலகத்தில் படங்களை மாட்டி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்த எல்லோரும் இளசு, எல்லோரும் ஒல்லி, எல்லோரும் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடை டோரீன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தாள். "இதுல ஒருத்தி கையிலயும் பை இல்லையேடி. இவளுகளுக்கு உருளைக்கிழங்கெல்லாம் வானத்துலேர்ந்து விழுமா?" என்றாள். அதற்கு ஃபின்லி என்ற கவுன்சில் பையன், நல்ல பையன்தான், தாடி மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டு வைத்தது போல இருக்கும், அவன் சொன்னான், கடைக்காரர்கள் எல்லோரும் வெளிச்சாலைக் கார் நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டியதுதான், கட்டி முடிந்ததும் திரும்பி வர இடமில்லை, ஆனால் பழைமையைக் காக்கிற அறக்கட்டளை ஒன்று இருக்கிறது, ஊருக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமுள்ள கதை ஒன்று கிடைத்தால் அவர்கள் பணம் தருவார்கள், அப்போது கீழ்த்தளத்தில் சில கடைகளைப் பழைய வாடகைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். டோரீன் என் விலாவில் இடித்தாள். "உங்க அண்ணனைச் சொல்லேண்டி!"

நான் சொன்னேன். சனிக்கிழமை தோறும் நீ கடை வாசலில் மேஜை போட்டு, மூன்று கம்ப்யூட்டரை வைத்து, அம்மாக்கள் சாமான் வாங்கிவிட்டு வரும்வரை பிள்ளைகளை விளையாட விட்டதைச் சொன்னேன். அந்தப் பையன் விறுவிறுவென்று எழுதிக்கொண்டான். பிறகு தலையைத் தூக்கி, "அவரு இப்போ எங்கம்மா?" என்றான்.

"எங்களை விட்டுப் போயிட்டாருப்பா" என்றேன்.

பேனாவை மூடி, கையை நெஞ்சில் வைத்தான். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா."

"பழகிடுச்சு தம்பி. மொதல் ரெண்டு மூணு வருஷந்தான் தாங்கல."

"இப்ப நல்ல இடத்துல இருக்காரு. அப்படித்தான் நெனச்சுக்கணும்."

"ரொம்ப நல்ல இடம்ப்பா. மலை, கடல், சுத்தமான காத்து. மனுஷங்களைவிட ஆடுங்கதான் ஜாஸ்தி."

நான் சபைக்குப் போகிறவள் என்று அவனுக்குத் தெரியும். ஆடுகளை வேதத்தில் வருகிற ஆடுகள் என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது.

"நாங்களும் ஒருநாள் அங்க போகணும்னுதான் ஆசை. எங்க வீட்டுக்காரருக்குத்தான் இன்னும் மனசு வரல" என்றேன்.

"அவசரமே இல்லம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதன்பின் இரண்டு வருஷம் சத்தமில்லை. டோரீனும் மீன்கார ஹெர்பர்ட்டும் கம்பளிநூல் விற்கிற அக்கா தங்கையும் கார் நிறுத்துமிடத்தில் தார்ப்பாய்க்குக் கீழே கடை போட்டு, ஜனவரிக் காற்றில் விரல் வெடித்துக் கிடந்தார்கள். பிறகு போன ஜனவரியில் ஒருநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மலர்வளையம். கவுன்சில் முத்திரை போட்ட அட்டை. நான் கென்னை எழுப்பி, மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். மத்தியானம் பேப்பர் வந்தபிறகுதான் விளங்கியது. "மறைந்த கணினி முன்னோடி கிளிஃபர்ட் என்ட்விசில் பெயரில் வளாகம்" என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். உன் கல்யாணப் படத்தை வெட்டி, அண்ணியின் தொப்பி ஓரத்தில் கொஞ்சம் தெரிகிற மாதிரி. அறக்கட்டளை பணம் கொடுத்தாகிவிட்டதாம். அந்தப் பெயர் கட்டடத்தில் இருக்கும்வரை கீழே ஆறு கடைகள் பழையவர்களுக்கே. பேப்பரைப் படித்த டோரீன் கார் நிறுத்துமிடத்தின் நடுவில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அந்தப் பிடியில் நான் எப்படி வாயைத் திறப்பேன், சொல்.

மறுநாள் ஃபின்லியிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"உறுதியாத் தெரியுமாம்மா?"

"ஞாயித்துக்கிழமை போன்ல பேசினேனே."

"பேசினது அவருதானா?"

"மின்சாரக் கட்டணத்தைத் திட்டினாரு. அவருதான்."

அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். உயிரோடு இருப்பவர் பெயரைக் கட்டடத்துக்கு வைக்கக்கூடாது என்று விதியாம். பெயரை எடுத்தால் பணம் திரும்பிப் போகும், பணம் போனால் கடைகள் போகும், மறுபடி படங்களை மாட்டி மறுபடி ஊரைக் கூப்பிட வேண்டும். பிறகு மெல்லக் கேட்டான். "அவருக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"மாடி ஏறினா மூச்சு வாங்கும்."

"அப்படியா?" என்றான். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டு எனக்கு பிஸ்கட் கொடுத்தான். "நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. அவரு அங்கேயே நிம்மதியா இருக்கட்டும்" என்றான்.

எங்கள் போதகர் கில்லியன் அம்மாவிடமும் போனேன். "நீங்க பொய் சொல்லலையே நார்மா" என்றார். "சொல்லல. திருத்தவும் இல்ல" என்றேன். வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார், ஜெபிக்கிறார் என்று காத்திருந்தேன். கண்ணைத் திறந்து, "பாட்டுக்குழு ஏற்கெனவே ஒத்திகை பாத்துட்டாங்களே" என்றார்.

அப்படியாகப் பிப்ரவரியில் சபை மண்டபத்தில் உனக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. நல்ல கூட்டம், அண்ணே. நாற்காலி போதவில்லை. ஹெர்பர்ட் அழுத அழுகையில் முன்வரிசைக்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒல்லரன்ஷா தாத்தா எழுந்து, தான் ரிப்பேருக்குக் கொடுத்த டிவி இன்னும் உன்னிடமே இருப்பதாகவும், இறந்தவர் மேல் குறை வைக்கக்கூடாது என்பதால் மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். அது எங்கே என்று ஞாபகமிருந்தால் எழுது. வீட்டுக்கு வரும் வழியில் கென், "உங்க அண்ணன் இங்க இருந்தப்ப இதுல பாதி பேரு அவனுக்கு வணக்கம்கூடச் சொன்னதில்ல" என்றார். கூட்டத்தில் எல்லோரும் உன்னைப் புகழப் புகழ எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் இப்போது நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

அதோடு விட்டார்களா? வளாகத்து வாசலில் ஆளுயரத் திரை ஒன்று வைத்து, உன் படத்திலிருந்து கம்ப்யூட்டரே உன்னைச் செய்து பேச வைத்திருக்கிறார்கள். குடும்பத்தார் முதலில் பார்க்க வேண்டும் என்று அதைச் செய்த கம்பெனிப் பெண் ஒருத்தி என்னைக் கூட்டிப்போனாள். நீ கோட்டுப் போட்டு நிற்கிறாய். பல் எல்லாம் நேராக இருக்கிறது. "கோல்டர்ஷா டிஜிட்டல் வளாகத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறேன்" என்று லண்டன்காரன் மாதிரி பேசுகிறாய். "அண்ணன் இப்படித்தான் பேசுவாரா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கடைக்கு யார் வந்தாலும் "இந்தத் தடவை எதை ஒடச்சீங்க?" என்பதுதான் உன் வரவேற்பு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "கொஞ்சம் கம்மியாப் பேசுவாரு" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு அவள் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள். திரையிலிருந்த நீ என்னைப் பார்த்துத் திரும்பி, "நார்மா, உன்னை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு" என்றாய். நான் உடைந்துபோய்விட்டேன். துக்கம் என்று நினைத்து அந்தப் பெண் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நீ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, அண்ணே. சொல்லவில்லையே என்று எனக்குக் குறையும் இல்லை. உன் தம்ளரில் எனக்குப் பாதி டீ ஊற்றிக் கொடுப்பாய், அதுவே போதுமாக இருந்தது. நீயே அல்லாத ஏதோ ஒன்று அதைச் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேனே என்றுதான் அழுகை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ டிக்கெட் எடுத்ததைச் சொன்னாய். நீ வந்து இறங்குகிற வாரம்தான் திறப்பு விழா. கென் ஒரு யோசனை சொன்னார். "மச்சானைத் தாடி வளத்துக்கிட்டு பெரியப்பா பையன்னு சொல்லி வரச் சொல்லு." இதுவரை நான் வாயால் ஒரு பொய் சொல்லவில்லை, இனி ஆரம்பிக்க மாட்டேன் என்றேன். "அப்ப நாலு நாள் வீட்டுக்குள்ளேயே வச்சிருப்போம்" என்றார். உன்னையா? நீ முதல் நாளே மார்க்கெட்டைப் பார்க்க நடந்துவிடுவாய். வாசலிலேயே உன்னை நீயே வரவேற்பாய்.

அதனால்தான் கேட்கிறேன். கேட்கக்கூடாததைக் கேட்கிறேன் என்று தெரிந்தே கேட்கிறேன். டிக்கெட்டை மாற்றிவிடு. டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. இப்போது வராவிட்டால் பிறகு இந்தப் பூமியில் பார்க்க மாட்டோம் என்பதும் தெரியும். ஒரு பக்கம் ஆறு குடும்பம், ஒரு பக்கம் நான் ஒருத்தி உன்னைப் பார்க்கிற ஆசை. எத்தனை தடவை கூட்டிப் பார்த்தாலும் என் பக்கம் சின்னதாகத்தான் வருகிறது. போர்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். நோட்டில் "அண்ணன் வரவு" என்று எழுதியதை அடிக்க மட்டும் பேனா ஓடவில்லை.

ஆண்டவர் உன் மூச்சைக் காப்பாராக. அண்ணி இல்லாத வீட்டில் சாயங்காலங்களை உனக்கு லேசாக்குவாராக. கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே. கென் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். எதை விசாரித்தார் என்று கேட்காதே.

மன்னிப்புக் கேட்கும் உன் தங்கை,
நார்மா

பின்குறிப்பு: அண்ணே, மேலே எழுதியது எதையும் செய்யாதே. உறையை ஒட்டுவதற்கு முன்னால் டோரீனுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. கார் நிறுத்துமிடத்துக்குப் போய்க் கடிதத்தையே கையில் கொடுத்தேன். நின்றபடியே கடைசிவரை படித்தாள். "அந்த ஆளு உயிரோட இருக்கறது எங்களுக்குத் தெரியாதாக்கும்? வருஷா வருஷம் அவர் அனுப்புற கிறிஸ்துமஸ் அட்டையைக் கடை கடையாக் கொண்டாந்து காட்டினது யாருடி? நீ வேணும்னேதான் சொல்றே, பரவால்ல இவளுக்கும் மூளை இருக்குன்னு நாங்கல்லாம் பேசாம இருந்தோம்" என்றாள். அப்போது ஹெர்பர்ட் அழுதது? "அது கொஞ்சம் ஓவராத்தான் போச்சு. நானும் சொன்னேன்" என்றாள். பிறகு கடிதத்தின் கடைசித் தாளை விரலால் தட்டி, "ஆனா இது எங்களுக்குத் தெரியாது. இந்த வயசுல ஒத்தையா கெடக்கறவன் கெளம்பி வர்றேங்கறான், எங்க கடைக்காக அவனை வராதேன்னு எழுதுவியா? இதுக்கு மேல எந்தக் கடையில டீ ஆத்தி எந்த மூஞ்சியோட நான் விப்பேன்?" என்று கத்தினாள். ஹெர்பர்ட்டையும் கம்பளிநூல் அக்காவையும் கூப்பிட்டாள். மூன்று பேரும் தார்ப்பாய்க்கு அடியில் கொஞ்சம் பேசினார்கள். கம்பளிநூல் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவளுக்குக் கீழ்த்தளத்தில் ஜன்னலோரம் ஒதுக்கியிருந்தார்கள். பிறகு மூவரும் தலையாட்டினார்கள்.

நாளைக் காலை ஃபின்லியிடம் போய், நீ உயிரோடு இருக்கிறாய் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். கடைகள் போகும் என்றுதான் நினைக்கிறேன். அது என்னால்தான், அதை நான் சுமந்துகொள்கிறேன், நீ சுமக்காதே. கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் நியூசிலாந்துக்கான தபால்தலையை ஒட்டியாகிவிட்டது, தாளும் இரண்டு பக்கமும் எழுதியாகிவிட்டது. ரயிலடியில் யாராவது உன்னைப் பார்த்து அலறினால் பயப்படாமல் கையை ஆட்டு. வா அண்ணே. வந்து உன் பேரைக் கெடுத்துக்கொள்.