பார்த்ததுமே ராணி என்பவர்

மழை விட்ட மாலையில், தெருவிளக்கைச் சுற்றி இறக்கை எறும்புகள் ஜோடி தேடிப் பறக்கும்போது, கம்பத்தடியில் கண்ணாடிக் குழாயும் கையுமாகக் குனிந்து நிற்கும் இன்னொரு ஜீவராசியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். எறும்புக்குப் பெயர் வைப்பவர். சந்தேகம் என்ற உறுப்பே இல்லாத இனம்.

எங்கள் மாடிவீட்டு மருந்துக்கடைக்காரர் இதில் அசல். மற்றவர்கள் லென்ஸ் பிடித்து, இடுப்புக் கணுவைப் பார்த்து, தலையையும் வயிற்றையும் ஒப்பிட்டு, அப்போதும் "இருக்கலாம்" என்று இழுக்கிற இடத்தில், இவர் மூக்குக்கண்ணாடியைக்கூடத் துடைக்காமல் தீர்ப்புச் சொல்லிவிடுவார். போன மழைக்கு இறக்கையோடு ஒன்றைப் பிடித்து வந்து, மரம் குடையும் இனத்து ராணி, ரொம்ப அபூர்வம் என்றார். கூடவே வந்த இறக்கையில்லாத ஒன்றை, வெறும் வேலைக்கார எறும்பு என்று ஒதுக்கினார். அவர் மனைவி பாவம் பார்த்து அதை ஈரப் பஞ்சோடு ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, அடுக்களை அலமாரியில் வைத்தார்.

ராணி முட்டையிட அமைதி வேண்டுமாம். மனைவி தையல்காரர்; தையல் மிஷின் அதிர்கிறது, நிறுத்து என்று இவர் உத்தரவு போட்டார். மறுவாரம் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண்ணின் உடுப்பை அந்த அம்மாள் கையாலேயே தைத்தார். விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து.

உடுப்பு பாதி முடியும் முன்பே ராணி செத்துப் போனது. அந்த அம்மாள், அவர் தொடாமலே வைத்திருந்த லென்ஸை எடுத்துப் பார்த்தார்.

"ராணின்னா தலை பெருசா, வயிறு பருத்து இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? இதுக்குத் தலை கடுகாட்டம் இருக்கு. இது ஆம்பளைங்க."

ஜோடி சேரப் பறந்த ஆண் சீக்கிரமே செத்துவிடும், ராணியோ இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் இடம் தேடி ஓடும் என்பது, இருமல் மருந்து வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் அவரே சொல்லும் பாடம்தான். அந்த அம்மாள் அலமாரி டப்பாவைத் திறந்தார். பஞ்சோரம் வெள்ளையாக ஒரு கொத்து முட்டை.

மனிதர் அசடு வழிந்தாரா? இல்லை.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார். கையோடு அதற்கும் ஓர் இனப்பெயர் சூட்டினார். அந்த அம்மாள் போய் மிஷினில் உட்கார்ந்து, வேண்டிய அளவுக்கு மேலேயே வேகமாக மிதித்தார்.

சிரிக்கிறீர்கள். படிக்கும்போதே, "இது நம்ம பெரியப்பாதான்" என்று யாரையோ அடையாளம் கண்டுவிட்டீர்கள், இல்லையா? ஒரே பார்வையிலா? லென்ஸ்கூட இல்லாமலா?