போர்ட்டலில் பேர் கொடுத்த ரொவீனா

இந்த வருஷம் கூடைப்பந்தைப் பற்றி யாரிடமும் வாய் கொடுப்பதில்லை என்று லோவெல் காலையில் எழுந்ததும் சபதம் எடுத்தான். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதின டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். கூடைப்பந்துதான் மதம் என்கிற கென்டக்கியில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல ஒரு டாக்டருக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும், பாருங்கள். சபதம் காபி ஆறும்வரை நின்றது. அதற்குள் பக்கத்து வீட்டு கர்ட்டிஸ் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "பையன் கையெழுத்துப் போட்டுட்டான்யா" என்றான்.

பையன் என்றால் டேவியன் ப்ரூவர். ஏழடிக்கு நாலு விரல் குறைவு. எந்தக் கல்லூரிக்கு ஆடப் போகிறான் என்று கோடை முழுக்க ஊரே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் உள்ளூர்க் கல்லூரிக்கே வருகிறான். சரி, சந்தோஷப்பட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாமில்லையா? பார்க்க மாட்டார்கள். புதுசாக ஒருத்தன் வந்தால் அவனை முன்னே வந்தவர்களோடு நிறுத்தி அளந்தே ஆக வேண்டும். மூத்த மருமகளோடு இளையவளை ஒப்பிடுகிற மாமியார்கூட இவர்களிடம் பாடம் கேட்கணும்.

முன்பு இங்கே ஆட வந்த ட்ரென்ட் என்பவனைச் சொல்லி, இவன்தான் அடுத்த ட்ரென்ட் என்றான் கர்ட்டிஸ். லோவெலுக்குச் சுர்ரென்றது. ட்ரென்ட் ஐந்து நட்சத்திரத் தரத்தோடு ஆரவாரமாக வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சைத் தேய்த்துவிட்டுப் போனவன். இவன் ஜமாரி மாதிரி என்பது லோவெலின் கட்சி. ஜமாரி ஒரே வருஷத்தில் வேறு கல்லூரிக்கு ஓடிப்போனவன் ஆச்சே என்று கர்ட்டிஸ் மடக்கினான்.

"அது கோச்சோட தப்புய்யா," என்று லோவெல் மேஜையைத் தட்டினான். "ஆளைப் பிடிக்கறது பெரிசில்ல, வச்சுக்கத் தெரியணும். எங்க போயிடப் போறான்னு அசால்ட்டா இருந்தா அப்படித்தான். என்ன வேணும்னு அவன் வாயைத் திறந்து கேக்கற வரைக்கும் விடலாமா?"

அடுப்பருகே பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ரொவீனா நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பையன் இடது கையால் பந்தைத் தள்ளிவிடுகிற அழகு அந்த இரண்டு பேரிடமும் கிடையாது என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. லோவெலிடம் சீசன் முழுக்க ஆட்டம் பார்க்க இரண்டு சீட்டு உண்டு. பக்கத்துப் பக்கத்து இடம். ஒன்றில் அவன், மற்றதில் கர்ட்டிஸ். அந்த இரண்டாவது சீட்டை ரொவீனா கல்யாணமான நாளாய்க் கேட்கிறாள். உனக்கு அங்கே என்ன புரியும் என்பான். அதோடு சரி.

மறுநாள் காலை மேஜை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முட்டையும் இல்லை, காபியும் இல்லை.

"என்ன, இன்னிக்கு ஒண்ணும் பண்ணலியா?"

"நான் போர்ட்டல்ல பேர் கொடுத்துட்டேன்," என்றாள் ரொவீனா.

இப்போதெல்லாம் கல்லூரி ஆட்டக்காரனுக்குத் தன் அணியோடு மனஸ்தாபம் என்றால் போர்ட்டலில் பேரைக் கொடுத்துவிடுவான். அப்புறம் எந்தக் கல்லூரி வேண்டுமானாலும் அவனைக் கூப்பிட்டு ஆசை காட்டலாம். ஜமாரி போனது அந்த வழியாகத்தான்.

லோவெல் விழுந்து விழுந்து சிரித்தான். "உன்னை யார் கூப்பிடப் போறா?"

போன் அடித்தது. ரொவீனா எடுத்து, "டார்லீனா? ஒரு நிமிஷம் இரு" என்று பின்வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டார்லீன் அவள் தங்கை. ஃப்ளோரிடாவில் கடலோரமாகத் தனியாக இருக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரே குசுகுசுப்பும் சிரிப்புமாக இருந்தது.

மத்தியானமும் அடுப்பு எரியவில்லை. போர்ட்டலில் பேர் கொடுத்தவர்கள் பழைய அணிக்கு ஆடுவதில்லையே என்று நியாயம் காட்டினாள். லோவெல் ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவி நின்றபடியே தின்றான். போன் மறுபடி அடித்தது. சாயங்காலமும் அடித்தது. அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிவியைப் போட்டான், அணைத்தான். புல் வெட்டினான், வெட்டின புல்லையே திரும்ப வெட்டினான். பேச்சோடு பேச்சாக, டார்லீன் என்னதான் சொல்கிறாள் என்று கேட்டுப் பார்த்தான்.

"ஒரு ரூம் தர்றாளாம். ஜன்னலைத் திறந்தா கடல்," என்றாள் ரொவீனா. "அப்புறம், நான் ஏதாவது பேசினா பதில் சொல்றாளாம்."

லோவெலுக்குச் சிரிப்பு போய்விட்டது.

வேலியோரம் போய் கர்ட்டிஸிடம் கொட்டினான். ஆறுதல் சொல்வான் என்று நினைத்தது தப்பு. இரண்டு பெண்டாட்டிகளைப் பறிகொடுத்த அனுபவஸ்தன் அவன். மூத்தவள் எப்படிப் போனாள், இளையவள் எப்படிப் போனாள், ரொவீனா இதில் யார் மாதிரி என்று தாடையைச் சொறிந்துகொண்டு அளக்க ஆரம்பித்தான். "முதல்ல போன், அப்புறம் பின்வாசல், அப்புறம் பெட்டி," என்றான். "உங்க வீட்டுப் பெட்டி பரண்மேல இருக்கா, கீழ இருக்கா?"

லோவெல் ஓடிப்போய்ப் பார்த்தான். கீழே இருந்தது.

ஜமாரி போனபோது துண்டைப் போட்டுக்கொண்டு அழுதவன்தான் அவன். ஆனால் அது வேறு, இது வேறு. அவள் இல்லாத வீட்டுக்குள் தான் எப்படி நுழைவது என்று நினைத்தபோதே பயமாக இருந்தது.

"ரொவீனா, போயிடாதே. உனக்கு என்ன வேணும்? கேளு, தர்றேன்."

"நானே வாயைத் திறந்து கேக்கணுமாக்கும்?" என்றாள்.

பாத்திரம் தேய்க்கிறேன் என்றான். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தன் கையாலேயே சமைத்துப் போடுகிறேன் என்றான். பயமுறுத்தாதே என்றாள். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சரி, அந்த ரெண்டாவது சீட்டு உனக்குத்தான்" என்றான்.

"ஒத்தைச் சீட்டா? கோவிச்சுக்கிட்டா நீயே திரும்பப் பிடுங்கிக்குவே. ரெண்டையும் என் பேருக்கு மாத்து."

சேர்ந்துதானே போகப் போகிறோம், யார் பேரில் இருந்தால் என்ன என்று அங்கேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தான்.

உடனே ரொவீனா இரண்டு தொப்பிகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். புது ஆட்டக்காரர்கள் ஊரைக் கூட்டி, கல்லூரித் தொப்பிகளை வரிசையாக வைத்து, சேரப்போகிற கல்லூரியின் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொள்வது வழக்கம். ரொவீனா வைத்ததில் ஒன்று கடற்கரைக்குப் போட்டுக்கொள்ளும் ஓலைத் தொப்பி. மற்றது உள்ளூர்க் கல்லூரியின் நீலத் தொப்பி. அவள் கை ஓலைத் தொப்பிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நீலத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். மனுஷன் அழுதேவிட்டான். அன்றைக்கு வீட்டில் கோழி வறுவல்.

நவம்பரில் முதல் ஆட்டம். இந்தச் சேதியை கர்ட்டிஸிடம் எப்படிச் சொல்வது என்று வாரக்கணக்காகத் தவித்துவிட்டு, சொல்லாமலே இருந்துவிட்டான் லோவெல். அன்றைக்கு நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காரைத் துடைத்து, சாவியும் கையுமாக நின்றான். கர்ட்டிஸும் நீலச் சட்டையில் வந்தான். வந்தவன் நேராக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"கர்ட்டிஸ், நீ எங்கய்யா கிளம்பிட்டே?"

கர்ட்டிஸ் அவன் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியை ஏற்றப் பார்த்தான். "போன் பண்ணின டார்லீன் நான்தான்யா," என்றான். "ஒத்தாசை பண்ணினா என் இடம் எனக்கேன்னா. என்ன பண்றது, சீட்டை விட மனசு வரலை."

ரொவீனா நீலத் தொப்பியோடு இறங்கி வந்தாள். லோவெலின் கையிலிருந்த சாவியை நோகாமல் எடுத்துக்கொண்டாள். கிழிந்தது தன் சீட்டு என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அப்ப நான்?"

"இன்னும் பழகாத ஆளை முதல் வருஷம் ஆட விடமாட்டாங்க லோவெல், உக்கார வச்சுத் தயார் பண்ணுவாங்க," என்று வண்டியைக் கிளப்பினாள். "பாத்திரமெல்லாம் உள்ள இருக்கு. நல்லாப் பயிற்சி எடு, அடுத்த வருஷம் பாக்கலாம்."