தொப்பி கிடைக்காதவர்

மேசையின் தலைமாட்டில் மேனேஜர். அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, ஸ்டோர் கீப்பர். மேனேஜர் மனைவியின் தம்பி என்பதால் காற்று வரும் இடம் அவருக்கு. இடப்பக்கம் நோட்டும் பேனாவுமாக டைப்பிஸ்ட் அக்கா. எதிரே, கையெல்லாம் சோப்பு வாசனையோடு பேக்கிங் மேஸ்திரி. ஐந்தாவது நாற்காலி இல்லாததால் லாரி டிரைவர் கதவோரம் நின்றார்.

மேசை நடுவே முதலாளியின் கடிதம் கிடந்தது. ‘சோப்பு லோடு வாராவாரம் குடோனுக்கு அரை நாள் தாமதம். காரணம் யார் என்று இன்றைய தபாலில் எழுதவும். அந்த ஆள் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம்.’

மூன்று நாள் நிர்வாகப் பயிற்சிக்குப் போய்வந்த மேனேஜர் கலங்கவில்லை. “யார் மேலயும் பழி போட வேணாம். ‘ஏன்’னு அஞ்சு தடவை கேட்டா போதும், வேர் தானா வெளிய வந்துடும். லாரி ஏன் லேட்டு?”

“லோடு ஏத்துறதே லேட்டு சார்,” என்றார் மேஸ்திரி.

“ஏன்?”

“கேட் பாஸ்ல கையெழுத்து இல்ல.”

“ஏன்?”

“கையெழுத்துப் போடுறவர் இந்த ரூம்ல இருந்தார்.”

“ஏன்?” என்று கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுபவர் தானே என்பது மேனேஜருக்கு உறைத்தது.

“லாரி ஏன் லேட்டுன்னு கண்டுபிடிக்க,” என்றார் டைப்பிஸ்ட் அக்கா, நோட்டிலிருந்து தலை தூக்காமல். “இன்னொரு ‘ஏன்’ பாக்கி இருக்கு சார்.”

“இருக்கட்டும். அடுத்த முறைக்குப் போவோம்.”

அடுத்தது மீன்முள் படம். தலையில் பிரச்சினை, முள்ளுக்கு முள் காரணங்கள். ‘ஆட்கள்’ என்ற முள்ளில் ‘மேனேஜர் போடும் கூட்டம்’ என்று எழுதினார்கள். ‘நேரம்’ என்ற முள்ளிலும் அதுவே. ‘இயந்திரம்’ என்ற முள்ளுக்கு வந்தபோது, “நம்ம மெஷின் எல்லாம் ஜம்முனு ஓடுது மாமா,” என்றார் ஸ்டோர் கீப்பர்.

“சார், ஒரு விஷயம்...” என்றார் டிரைவர்.

“இருப்பா. உன் முறை வரும்.”

மூன்றாவதாக, பயிற்சியில் கொடுத்த பெட்டியிலிருந்து தொப்பிகள். வெள்ளைத் தொப்பி போட்டவர் தகவல் சொல்ல வேண்டும், மஞ்சள் நல்லதை, கறுப்பு குறைகளை. கறுப்பு ஸ்டோர் கீப்பருக்குப் போனதுதான் வினை. தொப்பி ஏறியதும் அவருக்கு இருபது வருஷத் துணிச்சல் ஒன்றாக வந்தது. லோடு தாமதத்தில் ஆரம்பித்தவர், தன் அக்காவின் கல்யாணத்துக்கு மாமா முகூர்த்தம் தாண்டி வந்ததில் போய் நின்றார்.

“தொப்பியைக் கழட்டுடா.”

“நான் பேசல மாமா. தொப்பி பேசுது.”

டிரைவர் மறுபடி தொண்டையைச் செருமினார். மேனேஜர் பெட்டியைத் துழாவிப் பார்த்தார். “உனக்குத் தொப்பி இல்லையேப்பா. தொப்பி இல்லாம பேசினா முறை கெட்டுடும்.”

பிறகு தாமதத்துக்கு யார் எவ்வளவு காரணம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். மூன்று பேரும் மேனேஜருக்கு எட்டு எட்டாகப் போட்டார்கள். தன் தாளை மேனேஜர் வெகுநேரம் பார்த்தார். நேர்மையான மனிதர். தனக்குத் தானே ஒன்பது போட்டுக்கொண்டார்.

பிறகு டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார்.

“எழுதுங்கக்கா. ‘காரணம் நானே. நாளை முதல் வரமாட்டேன்.’”

“வீட்டுல என் அக்கா கிட்ட யாரு சொல்றது மாமா?” என்றார் ஸ்டோர் கீப்பர், தொப்பியை மெல்லக் கழற்றியபடி.

மேனேஜர் கையெழுத்திட்டார். உறையில் பசை தடவி, நான்கு மூலையும் அழுத்தி ஒட்டி, டிரைவரிடம் கொடுத்தார். டிரைவர் வாசல் தபால் பெட்டியில் அதைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

“கிளம்புப்பா,” என்றார் மேனேஜர். “இன்னிக்காவது நேரத்துக்குப் போய்ச் சேரு.”

“லோடு லேட்டா ஏறினாலும் ஓட்டிப் பிடிச்சு நேரத்துக்குத்தான் சார் வாராவாரம் போறேன்,” என்றார் டிரைவர். “ரெண்டு மாசமா ரிவர்ஸ் கியர் விழல, குடோன் ஆளுங்க நாலு பேர் மத்தியானம் சாப்பிட்டு வந்து பின்பக்கமா தள்ளி உள்ள விடுற வரைக்கும் வாசல்லயே நிக்கிறேன். அதைச் சொல்லத்தான் அஞ்சு கூட்டமா இந்தக் கதவோரமும் நிக்கிறேன்.”